காற்றடிக்கும் ஊரில் கம்பளிப் பந்து

தஞ்சாவூர் மராட்டிய ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் 1855-ல் கண்ணை மூடினார். துக்கம் கேட்கிற சாக்கில் கும்பினிக்காரன் ராஜ்யத்தின் சாவியையும் வாங்கிக்கொண்டான். அடுத்த வருஷமே அந்த அரண்மனைக் குடும்பம் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தது என்று விளையாட்டுச் சரித்திரம் சொல்கிறது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வரி வசூல் கிடையாது, படை கிடையாது, சாயங்காலம் முழுக்கச் சும்மா. சும்மா இருக்கிற ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒன்று அரசியல் பேசுவார்கள், இல்லையென்றால் பந்தடிப்பார்கள். அரசியல்தான் கைவிட்டுப் போய்விட்டதே!

வெள்ளைக்காரன் இந்த மாதிரி ஆட்டங்களை நம் ஊரில் பழகிக்கொண்டு, கம்பளிப் பந்தைக் கழற்றிவிட்டு இறகைப் பிடித்துக்கொண்டு, இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகைப் பெயரை அதற்குச் சூட்டினான். அந்த இறகு 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்கே போய்ச் சேர்ந்தது. கம்பளி எங்களிடம் தங்கிவிட்டது.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளி நூல் பந்து. எடை 27 முதல் 30 கிராம். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் மண் தரை, நடுவில் ஆறடி உயர நெட். பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து தரையைத் தொட்டால் போச்சு. 29 புள்ளி எடுத்தால் ஒரு கேம்; பிற்பாடு அதை 35 ஆக்கினார்கள். எங்களுக்கு 29-க்கே மூச்சு வாங்கும் என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த ஆட்டத்துக்கு 1954-ல் அகில இந்திய சம்மேளனம் வந்தது. முதல் தேசியப் போட்டி ஹைதராபாத்தில் 1956-ல். அதே 1956, நவம்பர் 1-ஆம் தேதி, திருவிதாங்கூர் பக்கம் இருந்த செங்கோட்டை தாலுகாவைத் தூக்கிச் சென்னை ராஜ்யத்தில் வைத்தார்கள். அந்தத் தாலுகாவின் எங்கள் ஊர் புளியறைக்காரன் ராத்திரி மலையாள ராஜ்யத்தில் படுத்து, காலையில் மதராஸில் எழுந்தான். நின்ற இடத்தை விட்டு ஒரு அடி நகராமல் ராஜ்யம் மாறிய சூரர்கள் நாங்கள். எல்லை எங்கள் ஊருக்கு மேற்கே மலைக்கு நகர்ந்து, செக்போஸ்ட் புளியறைக்கு வந்த பிறகும், பழைய எல்லையான பிரானூரை ஜனங்கள் இன்றுவரை ‘பார்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். கோடு போன இடத்திலும் அங்கே விற்கிற பார்டர் பரோட்டா நின்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர் ஆட்டத்தில் பாதி நேரம் கோட்டுத் தகராறுதான். சுண்ணாம்பால் கோடு போடுவோம். ஆனி, ஆடியில் சாரல் ஒரு வீச்சு வீசினால் கோடு கரைந்து ஓடைக்குப் போய்விடும். அப்புறம் விழுகிற பந்தெல்லாம் அடித்தவனுக்கு உள்ளே, எதிராளிக்கு வெளியே.

“அவுட்டு வே!”

“கோடு எங்கவே இருக்கு, அவுட்டுங்கீரு?”

“அண்ணாச்சி, நாட்டுக் கோட்டையே மாத்திப்புட்டான். இந்தக் கோட்டுக்குப் போயி ஏன் சண்டை?” என்று நடுவர் சமாதானம் சொல்வார். அவர் டிராயிங் மாஸ்டர். நேர்க்கோடு போடத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் நடுவர் ஆனவர்.

காற்று இருக்கிறதே, அது ஆறாவது ஆட்டக்காரன். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று குற்றால சீசனை இந்தப் பக்கம் தள்ளும்போது, முதலில் வாங்குகிறவர்கள் நாங்கள். மேற்கே நிற்கிறவன் பந்தைத் தொட்டாலே போதும், அது செங்கோட்டைக்கு டிக்கெட் எடுத்துவிடும். கிழக்கே நிற்கிறவன் குலதெய்வத்தைக் கூப்பிட்டு அடித்தாலும் நெட்டைத் தாண்டுவது சந்தேகம். இதற்குப் பெயர் எங்கள் ஊரில் பயிற்சி. சீசனில் பழகிய எங்கள் ஆட்கள், காற்றே இல்லாத வெளியூர் மைதானத்துக்குப் போட்டிக்குப் போனால், பந்து அடித்த இடத்துக்கே நேராகப் போவதைப் பார்த்துத் திகைத்துத் தோற்றுவிட்டு வருவார்கள்.

கம்பளிப் பந்து சாரலைக் குடித்தால் கனத்துப் போகும். மர பேட் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், நரம்பு தொய்ந்துவிடும். ஆகவே பேட்டை நாலு மூலையிலும் திருகு வைத்த மரச் சட்டத்துக்குள் இறுக்கி, அடுப்படிப் பரணில் காயவைப்போம். அப்படிக் காய்ந்த பேட்டில் புகை வாசனையும் தாளிப்பு வாசனையும் கலந்தே இருக்கும். சென்டரில் ஆடிய ஒரு அண்ணாச்சி ‘கட்’ அடித்தால் பந்தில் இருக்கும் சுழலைவிட, அவர் வீட்டில் அன்று கருவாட்டுக் குழம்பு என்ற செய்திதான் எங்களுக்கு முதலில் வந்து சேரும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஆடியது கலைக்காகவா? யார் சொன்னது? வேலைக்காக. தெற்கு ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் பூப்பந்து அணிகள் இருந்தன. நன்றாக ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் உத்தியோகம். வாரங்கல்காரர் பிச்சய்யா 1970-ல் பூப்பந்துக்கான முதல் அர்ஜுனா விருதை வாங்கினார். எங்களுக்கு அர்ஜுனா எல்லாம் வேண்டாம், பகவதிபுரம் ஸ்டேஷனில் பச்சைக்கொடி காட்டுகிற வேலை கிடைத்தால் போதும் என்று இருந்தோம். ரயில் மலையேறி ஆரியங்காவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எங்களில் யாரையும் கூப்பிடவில்லை.

தொழிற்சாலை சம்பளம் கொடுக்க, தொழிலாளி பந்தடிக்கிற இந்த ஏற்பாடு அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே அதற்குப் பெயர் சாஃப்ட்பால். 1887-ல் சிகாகோவில் ஒரு படகுக் கழக மண்டபத்தில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் முடிவு தெரிவதற்காகக் காத்திருந்த ஆண்கள், பாக்ஸிங் கையுறையைச் சுருட்டிக் கட்டி விளக்குமாற்றுக் கம்பால் அடித்ததில் பிறந்த ஆட்டம். அங்கேயும் பாருங்கள், சும்மா இருந்த ஆண்கள்தான். பிறகு அது வேகப்பந்து வீச்சு ஆட்டமாகி, பிஸ்டன் செய்கிற கம்பெனி, பிரேக் செய்கிற கம்பெனி எல்லாம் அணி வைத்தன. ஃபோர்ட் வெய்ன் ஊரின் ஸோல்னர் பிஸ்டன்ஸ் அப்படி ஒன்று. எடி ஃபெய்க்னர் என்ற மனுஷன் ஒன்பது பேர் ஆடவேண்டிய ஆட்டத்தில் மூன்றே துணையாட்களோடு ஊர் ஊராகப் போனார். கண்ணைக் கட்டிக்கொண்டு பந்து வீசினார். 1967-ல் வில்லி மேஸ் உட்பட ஆறு பேஸ்பால் ஜாம்பவான்களை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்து அனுப்பினார். அப்படிப்பட்ட ஆட்டத்தையே அமெரிக்க ஆண்கள் கைவிட்டு, மெதுவாக வீசும் சாஃப்ட்பாலுக்குப் போய்விட்டார்கள். கம்பெனிகளும் அணியைக் கலைத்துவிட்டு பிஸ்டனைப் பார்க்கப் போயின.

எங்கள் ஆட்டம் ஏன் படுத்தது என்று டீக்கடையில் கேட்டால் எல்லோரும் கபில்தேவைக் காட்டுவார்கள். 1983-ல் அவர் கோப்பையைத் தூக்கினார், நாங்கள் பேட்டைக் கீழே போட்டோம் என்று. பாவம், அவர் என்ன செய்வார்? கணக்கு வேறு. கிரிக்கெட்டுக்கு மூன்று பேரும் ஒரு சுவரும் போதும். பூப்பந்துக்குப் பத்து ஆண்கள் ஒரே நேரத்தில் சும்மா இருக்கவேண்டும். அஞ்சு மணிக்கு ஆபீஸைப் பூட்டி, அஞ்சேகாலுக்கு மைதானத்தில் வேட்டியை மாற்றி அரைக்கால் சட்டை போடுகிற இனம் ஒன்று இருந்தது: கிளார்க்கு, வாத்தியார், போஸ்ட்மாஸ்டர். அந்த இனம் ஓய்வு பெற்றது. பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள் கேரளாவுக்குக் காய்கறியும் வைக்கோலும் ஏற்றி அனுப்ப, செக்போஸ்ட்டில் லாரிக்காக ராத்திரி பகலாகக் காத்திருந்தார்கள். காத்திருப்பதும் சும்மா இருப்பதும் ஒன்றல்ல. தரைக்குத் தண்ணீர் தெளித்து உருளை இழுக்க ஆள் இல்லை. நெட் கட்டிய கம்பத்தில் யாரோ எருமையைக் கட்டினார்கள். அது எங்கள் சென்டர் ஆட்டக்காரரைவிட அசையாமல் நின்றது.

அகலப் பாதை போட 2010-ல் ரயிலை நிறுத்தினார்கள், 2018-ல் ஓடவிட்டார்கள். 2019-ல் எங்களைத் திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தென்காசி மாவட்டம் ஆக்கினார்கள். ராஜ்யம் ஒன்று, மாவட்டம் ஒன்று என்று மாறிப் பார்த்தும் எங்கள் ஆண்கள் அணி தேறவில்லை.

ஆனால் ஆட்டம் செத்துவிட்டது என்று சொல்கிற கிழடுகளுக்கு ஒரு தகவல். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் போட்டிகளில் பூப்பந்து இன்னும் இருக்கிறது. பெண் பிள்ளைகள் அணி அணியாக இறங்கி ஆடுகிறார்கள். சாயங்காலம் சும்மா இருப்பதால் அல்ல. டியூஷனுக்கும் வீட்டு வேலைக்கும் நடுவில் நேரத்தைப் பிடுங்கி ஆடுகிறார்கள். ஆக, இந்த ஆட்டத்துக்கு ஓய்வு அவசியம் என்று நூற்றைம்பது வருஷமாக ஆண்கள் கட்டிய கதை அங்கேயே அவுட்.

அவர்கள் யாரும் எங்களிடம் யோசனை கேட்கவில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா? கோட்டோரம் நின்று, “பாப்பா, காத்தைப் பாத்து அடி!” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பந்து நேராகப் போய், எதிராளி கைக்கு எட்டாமல் விழுகிறது.

“உள்ளதான்!” என்று நாங்கள் கத்துகிறோம். நடுவர் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்.