மூக்கு வழியே மூளைக்கு: போஸ்ட்டாக் ஆவோருக்குச் சில யோசனைகள்

முனைவர் பட்டம் வாங்கியாகிவிட்டது. அடுத்து என்ன என்று கேட்பவர்களுக்கு என் சிபாரிசு: மூச்சுப்பாதையைத் தாக்கும் புதிய வைரஸ்கள் மூளையை என்ன செய்கின்றன என்று ஆராய, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக, அதாவது போஸ்ட்டாக்காக, அமெரிக்காவுக்குப் போங்கள். நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இந்தத் துறையின் மையக் கருத்தை என் அப்பத்தா மூன்றே சொல்லில் முடித்துவிடும்: "சளி தலைக்கு ஏறிடுச்சு." அதற்கு நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தால் போதும். அதையே சோதித்துப் பார்க்க நாங்கள் ஐந்தாண்டு நிதி கேட்போம்.

முதல் வேலை வைரஸைத் தேர்ந்தெடுப்பது. அது 'புதிதாகத் தலைதூக்கும்' வைரஸாக இருக்கவேண்டும். விண்ணப்பத்தில் அந்த அடைமொழிக்குத்தான் காசு. 1998-99இல் மலேசியப் பன்றிப் பண்ணைகளிலிருந்து கிளம்பிய நிபா, நுரையீரல், மூளை இரண்டையும் பதம் பார்க்கும். ஆனால் அதைத் தொட உச்சப் பாதுகாப்புள்ள நான்காம் நிலை ஆய்வகமும் விண்வெளி வீரர் போன்ற உடுப்பும் வேண்டும். அது வேண்டாம். என்டரோவைரஸ் டி68 பரவாயில்லை. சாதாரணச் சளிபோல வந்துபோகும். 2014இல் அது பரவிய சமயத்தில் அமெரிக்காவில் 120 பேருக்குத் தண்டுவடம் பாதித்துக் கைகால் முடங்கியபோது முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழுந்தது. 2016, 2018 என்று ஒன்றுவிட்ட ஆண்டுகளில் அந்த முடக்கம் மீண்டும் கூடியது. 2020ஐ எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். எல்லாரும் முகக்கவசம் போட்டு வீட்டுக்குள் உட்கார்ந்ததாலோ என்னவோ, அலை எழவே இல்லை. குழந்தைகள் தப்பித்ததற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். அதை நம்பி விண்ணப்பம் எழுதியவர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டே தலைப்பை மாற்றினார்கள்.

எனவே எல்லாரையும்போல நீங்களும் கோவிட்டுக்கே வாருங்கள்.

அடுத்தது எலி. சாதாரண ஆய்வக எலியிடம் வூஹானில் கிளம்பிய வைரஸ் பலிக்காது. அணுவுக்குள் நுழைய அது பற்றிக்கொள்ளும் கைப்பிடி ஏசிஇ2 என்ற புரதம்; எலியின் ஏசிஇ2வை அதனால் சரியாகப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. நல்லவேளையாக, முந்தைய சார்ஸுக்காக அயோவா பல்கலைக்கழகத்தில் மனித ஏசிஇ2 மரபணுவைச் சேர்த்து ஓர் எலி இனத்தை உருவாக்கி, 2007இல் அறிவித்திருந்தார்கள். 2020இல் உலகமே அந்த எலிக்கு வரிசையில் நின்றது. அதன் மூக்கில் ஒரு சொட்டு விட்டால் ஒரு வாரத்துக்குள் மூளையெல்லாம் வைரஸ். நுண்ணோக்கியில் பச்சையும் சிவப்புமாக, அட்டைப்படத்துக்கே போகிற மாதிரி படங்கள் கிடைக்கும். ஒரே ஒரு சிக்கல்: இந்த எலியின் நரம்பணுக்களிலும் அந்த மனிதப் புரதம் உண்டு. சுவரில் நாமே கதவு வைத்துவிட்டுத் திருடன் எப்படி நுழைந்தான் என்று மூன்றாண்டு துப்பறிவதுதான் இந்த வேலை. இதைக் கட்டுரையின் கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியில், "வரம்புகள்" என்ற தலைப்பின் கீழ், மூச்சுவிடாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும்.

கோவிட் வைரஸுக்கு வேண்டிய மூன்றாம் நிலை ஆய்வகத்துக்குள் போகுமுன் காபி குடிக்காதீர்கள். உள்ளே போனால் நாலு மணி நேரம்; கழிப்பறை கிடையாது. முதலில் ஒரு ஜோடி கையுறை, பிறகு முழு அங்கி, அங்கியின் கைமேல் இன்னொரு ஜோடி கையுறை. இடுப்பில் விசிறிப் பெட்டி, அதிலிருந்து குழாய் வழியாகத் தலைக்கவசத்துக்குள் வடிகட்டிய காற்று. இதையெல்லாம் மாட்டிக்கொண்டு எலியைக் கையில் எடுத்த அந்த நொடியில் உங்கள் மூக்கு அரிக்கும். கட்டாயம் அரிக்கும். மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் வழியை ஆராய வந்தவர் சொந்த மூக்கைச் சொறிய முடியாமல் நிற்பீர்கள். நான் தலைக்கவசத்தின் உட்புறத்தில் மூக்கை உரசப் பழகிக்கொண்டேன். என் ஆராய்ச்சியில் திரும்பத் திரும்பச் செய்தும் ஒரே முடிவு வந்த சோதனை அதுதான்.

பிறகு அரை கிராம்கூடத் தேறாத அந்த மூளையை உறையவைத்துச் சீவ வேண்டும். சீவல் ஒவ்வொன்றையும் நாலாம் வகுப்புப் பிள்ளை வர்ணம் தீட்டும் பிரஷ்ஷால் தூக்கிக் கண்ணாடித் தகட்டில் போடவேண்டும். சுருண்டுகொள்ளும். தும்மினால் பறந்துவிடும்.

இனி முடிவுகள். மூளையில் வைரஸ் இருந்ததா என்பதுதான் கேள்வி என்றால் எதற்கும் பயப்படாதீர்கள். எந்தப் பதிலுக்கும் ஆதாரம் தயாராக இருக்கிறது. 2021இல் வந்த ஓர் ஆய்வில் கோவிட்டோடு இறந்தவர்களின் மூளையில் ரத்தக்குழாய்ச் சேதம் தெரிந்தது, வைரஸ் தட்டுப்படவில்லை. 2022இல் 44 பேரின் பிரேதப் பரிசோதனையைப் பார்த்தவர்களுக்கு மூளையில்கூட வைரஸின் ஆர்என்ஏ கிடைத்தது. ஒருவரிடம் நோய் தொடங்கி 230ஆம் நாளிலும். ஆனால் நுரையீரலுக்கு வெளியே அழற்சி அதிகம் இல்லை. இரண்டும் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்தவை.

உண்மையில் எனக்குப் பிடித்த முடிவுகள் வேறு. வாசனை தெரியாமல் போனதே, அதற்கு வாசனை நரம்பு செத்ததுதான் காரணம் என்று முதலில் நினைத்தோம். 2020இல் ஹார்வர்டு குழு பார்த்தபோது, ஏசிஇ2 நரம்பணுவில் இல்லை, அதைப் போஷிக்கும் பக்கத்து அணுக்களில் இருந்தது. சமையல்காரருக்குக் காய்ச்சல், வீட்டுக்காரர் பட்டினி. 2022இல் ஸ்டான்ஃபோர்டின் மிஷேல் மாஞ்சியும் யேலின் அகிகோ இவாசாகியும் சேர்ந்து செய்த ஆய்வில் வைரஸ் எலியின் மூச்சுப்பாதையைத் தாண்டவே இல்லை. ஆனாலும் ஏழு வாரம் கழித்தும் மூளையின் காவல்காரர்களான மைக்ரோகிளியா அணுக்கள் வெள்ளைப் பகுதியில் மிரண்டபடியே இருந்தன. நரம்புக்கு உறைபோடும் அணுக்கள் குறைந்திருந்தன. தெருவில் கலவரம், திருடன் வீட்டுக்குள் வரவில்லை, காவல்காரனே பாத்திரங்களை உடைத்துவிட்டான். திருடன் படம் இல்லாத இந்த மாதிரிக் கதையை எழுதத்தான் எனக்கு ஆசை. நிதி கேட்கப்போனால், "வைரஸ் எங்கே?" என்கிறார்கள்.

உறவினர்களைச் சமாளிக்கவும் பழகுங்கள். "கொரோனா வந்தா மூளை சுருங்கிடுமாமே?" என்று மாமா வாட்ஸ்அப்பில் கேட்பார். பிரிட்டனில் 785 பேரை இரண்டு முறை ஸ்கேன் செய்து, இடையில் தொற்றியவர்களைத் தொற்றாதவர்களோடு ஒப்பிட்டார்கள், தொற்றியவர்களிடம் கூடுதல் மாற்றம் சராசரியாக 0.2 முதல் 2 சதவீதம்தான் என்று பொறுமையாக விளக்குங்கள். "அப்ப சுருங்குது" என்பார்.

சம்பளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2024இல் தேசியச் சுகாதார நிறுவனம் முதலாண்டு போஸ்ட்டாக்குக்கு வகுத்த உதவித்தொகை ஆண்டுக்கு 61,008 டாலர். சொந்தக்காலில் நிற்பதற்கான பெரிய நிதிக்கு நான்காண்டு அனுபவம் தாண்டுவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டது. புது எலிகளைப் போன வாரம்தான் ஜோடி சேர்த்தேன். குட்டிகள் ஜூலை முதல் வாரத்தில் பிறக்கும். என் ஒப்பந்தம் ஜூன் 30ஆம் தேதியோடு முடிகிறது.