உழையாக் காசு: நான்கு நூற்பாக்களும் அவற்றின் உரையும்

பாயிரம்

பிரிட்டிஷ் நாணயம் சேகரிப்போர் இருவர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், நடுவில் ஓர் ஏலப் பட்டியல் விரிந்து கிடக்கும். அது 1666-ல் தொழில் தொடங்கிய ஸ்பிங்க் நிறுவனத்துடையதாக இருக்கலாம். லண்டன் மேஃபேரில் உள்ள நூனன்ஸுடையதாகவும் இருக்கலாம். வரப்போகும் காசு எது, எவ்வளவுக்குப் போகும், யார் எடுப்பார் என்று பொழுது சாயும்வரை பேசுவார்கள். இத்தனை பேச்சுக்கும் இதுவரை ஒருவரும் இலக்கணம் வகுக்கவில்லை. அக்குறை தீர்க்க இந்நூல் எழுந்தது. ஆய்வுக்குக் கைக்கொண்ட கருவிகள் மூன்று: ஏல முடிவுகள், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பிறர் பணம்.

நூற்பா 1: உழையாக் காசே உயர்விலை பெறுமே.

என் நுதலிற்றோ எனின், விலை ஏறுவதன் காரணம் கூறுதல் நுதலிற்று. காசுக்கு விதித்த வேலை கைமாறுவது. அவ்வேலையை ஒழுங்காகச் செய்த காசு தேயும், தேய்ந்தது மலியும், மலிந்ததை ஒருவரும் சீந்தார். வேலைக்கே போகாத காசு மொழுமொழுவென்று இருக்கும், அதற்குத்தான் அடிதடி.

சான்று காட்டுதும். 1257-ல் மூன்றாம் ஹென்றி ஒரு பொற்காசு அடித்தார். மதிப்பு 20 வெள்ளிப் பென்னி. அதில் இருந்த தங்கமோ அதைவிட அதிகம் பெறும். மக்கள் கணக்குத் தெரிந்தவர்கள், உருக்கிவிட்டார்கள். இன்று எட்டுக் காசுதான் அறியப்பட்டுள்ளது. டெவன் மாவட்டம் ஹெம்யாக் ஊர் வயலில் கிடைத்த ஒன்று 2022 ஜனவரி ஏலத்தில் 5,40,000 பவுண்டுக்குச் சுத்தியல் அடிபட்டது.

ஆங்கில அரசர்கள் அதன்பின் ஏறக்குறைய 87 ஆண்டு பொற்காசுப் பக்கமே திரும்பவில்லை. 1344-ல் மூன்றாம் எட்வர்டு துணிந்து, இரட்டைச் சிறுத்தை பொறித்த ஆறு ஷில்லிங் காசு வெளியிட்டார். தாத்தாவின் தந்தை செய்த தவற்றை அவர் செய்யவில்லை. நேர்மாறான தவற்றைச் செய்தார். இம்முறை தங்கம் குறைவு, விலை அதிகம். வணிகர்கள் வாங்க மறுத்தார்கள். ஜனவரியில் பிறந்த காசு ஆகஸ்டில் செல்லாக் காசாயிற்று. 1857-ல் டைன் ஆற்றில் கிடைத்த இரண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. மூன்றாவது 2006-ல் வெளிப்பட்டு 4,60,000 பவுண்டு பெற்றது. மலிவாக இருந்து கெட்டது முந்தையது, விலைமிகுந்து கெட்டது பிந்தையது. இரண்டுக்கும் பொது, கெட்டதே என்க.

உழைப்பின்மைக்கு உச்சம் எட்டாம் எட்வர்டின் காசுகள். அரசர்கள் ஆளுக்கொரு திசை மாறி நாணயத்தில் முகம் காட்டுவது இரண்டாம் சார்லஸ் காலந்தொட்டு வரும் வழக்கம். தந்தை இடப்புறம் பார்த்ததால் இவர் வலப்புறம் பார்க்க வேண்டும். இவரோ வகிடு தெரியும் இடப்பக்கமே தமக்கு எடுப்பு என்று பிடிவாதம் பிடித்தார். அச்சுகள் தயாராயின. 1937 புத்தாண்டில் காசு வெளிவர இருந்த நிலையில், 1936 டிசம்பர் 11-ல் அரசரே முடியைத் துறந்தார். மாதிரிக்கு அடித்தவற்றை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு அக்கசாலைப் பெட்டகத்தில் பூட்டினார்கள். 1970-ல்தான் அது திறந்தது. தமக்கு ஒரு தொகுதி வேண்டும் என்று எட்வர்டே கேட்டும், பட்டமேறிய தம்பி தரவில்லை. இவற்றுள் சாவரின் என்னும் பொற்காசு ஒன்று 2020-ல் பத்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. ஐந்து பவுண்டுத் தங்கக் காசு ஒன்று 2021 மார்ச்சில் அமெரிக்க ஏலத்தில் 22 லட்சத்து 80 ஆயிரம் டாலர் பெற்றது.

அஃதேல், அக்குடும்பத்தில் வேலைக்குப் போன காசு ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. பன்னிரண்டு முனைப் பித்தளை மூன்று பென்னி. நாணயம் போட்டால் பொருள் தரும் இயந்திரங்களில் இறங்குகிறதா என்று பார்க்கச் சிலவற்றை வெளியே கொடுத்தார்கள், சில திரும்பவில்லை. அவை ஏலத்துக்கு வந்தபோது சில பத்தாயிரம் பவுண்டோடு நின்றுவிட்டன. பித்தளைக்கும் தங்கத்துக்கும் விலை வேறுபடாதோ என்பாரை மறுக்கிலம். ஆயினும் நம் கொள்கைக்கு இசைவதால், வேலைக்குப் போனதே குற்றம் என்று கொள்க.

நூற்பா 2: பிழைபடு காசும் அதன்பாற் படுமே.

அக்கசாலையின் தவறும் உழையாமையில் அடங்கும் என்பது கருத்து. கிழக்கு யார்க்‌ஷயரில் எல்லர்பி என்னும் ஊரில் ஒரு வீட்டார் 2019-ல் சமையலறைத் தரையைப் பெயர்த்தபோது, சிறு மண்சாடியில் 264 பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் 1720-ஆம் ஆண்டுக் கினி ஒன்றுக்கு அரசர் தலை இல்லை. இரு பக்கமும் பூ. அதைச் சுண்டிப் பூவா தலையா கேட்டிருந்தால் தலை கேட்டவர் குடி முழுகியிருக்கும். அக்காசு 62,400 பவுண்டு பெற்றது. தொகுதி முழுதும் சேர்ந்து 7,54,000.

அற்றேல், 2008-ல் ஆண்டு பொறிக்காமல் வெளியான 20 பென்னியும் பிழைபட்டதுதானே, அது ஏன் சில பத்துப் பவுண்டுக்கு மேல் போகவில்லை எனின், அது பிழைபட்டும் உழைத்தது. இரண்டரை லட்சம் வரை வெளியாகியிருக்கும் என்பது அக்கசாலையின் மதிப்பீடு. பையிலும் கல்லாவிலும் உருண்டு பாடுபட்டது. பாடுபட்டதற்கு அவ்வளவுதான் கூலி.

நூற்பா 3: துலக்கிய காசு துலங்கா தென்ப.

இது காப்பு முறை கூறுகின்றது. ஏலத்துக்கு முந்திய பார்வை நாளில் சேகரிப்பாளர் காசை எடுக்கும் அழகைக் காண்க. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பை மட்டும் தொடும். முகத்தில் ரேகை படாது. தவறி விழுந்தாலும் அடிபடாதிருக்க, கீழே மெத்தென்ற துணி விரித்த தட்டு. விளக்குக்கடியில் காசை மெல்லச் சாய்ப்பார். ஒளி அரசர் நெற்றியில் தொடங்கி மூக்கில் இறங்கிக் கழுத்துக்கு வரும். அந்த வழியில் மயிரிழைபோல் கோடுகள் ஒரே திசையில் ஓடினால் உதட்டைப் பிதுக்கித் தட்டில் வைத்துவிடுவார். எவரோ எக்காலத்திலோ நல்லெண்ணத்தோடு துடைத்திருக்கிறார் என்பது பொருள். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி பெருமை. காசுக்கு அதுவே கொலை. முந்நூறு ஆண்டுக் கறுப்புக்கு மதிப்பு உண்டு, முந்தாநாள் பளபளப்புக்கு இல்லை.

தரம் பிரிக்கும் நிறுவனங்கள் காசுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண் போடுகின்றன. வேலை பார்த்த தடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு மதிப்பெண். அதன்பின் அதை ஞெகிழி உறையில் அடைத்து ஒட்டிவிடுவார்கள். இனி எக்காலத்தும் அது வேலைக்குப் போகாது என்பதற்கு அது உத்தரவாதம்.

நூற்பா 4: இகழ்ந்தோன் கையே முந்துற எழுமே.

இது சேகரிப்பாளர் உரையாடலின் இலக்கணம். அவ்வுரையாடல் மூவகைப்படும்: இகழ்தல், குலங்கூறல், இரங்கல்.

இகழ்தலாவது, தனக்கு வேண்டிய காசைப் பிறர் கேட்காதபடி பழித்தல். “தாடைப் பக்கம் அச்சு சரியாக விழவில்லை.” “எனக்கென்னவோ விளிம்பைத் தட்டிச் சரிசெய்திருப்பார்களோ என்று சந்தேகம்.” இவ்வாறு சொல்பவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏலம் கேட்பது வீண் செலவு. அவர் விடமாட்டார்.

குலங்கூறலாவது, காசு யார் யார் கைவழி வந்தது என்று ஒப்பித்தல். பழைய சேகரிப்பாளர்கள் காசின் அடியில் வட்ட அட்டை வைத்து, வாங்கிய இடம், ஆண்டு, கொடுத்த விலை ஆகியவற்றைப் பொடி எழுத்தில் எழுதுவார்கள். அந்த அட்டை தொலையாதிருந்தால் காசுக்கு மவுசு கூடும். திருமணத்துக்கு ஜாதகம் பார்ப்போர் இதைக் கற்க வேண்டுவதில்லை.

இரங்கலாவது, “அன்றைக்கே வாங்கியிருக்கலாம்” என்பது. 1933-ஆம் ஆண்டுப் பென்னி பற்றிய பேச்சு இவ்வகை. அவ்வாண்டு வங்கிகளில் பென்னி குவிந்து கிடந்ததால் புதிதாக அடிக்கத் தேவை எழவில்லை. கட்டடங்களின் அடிக்கல்லில் வைப்பதற்கும் பிறவற்றுக்குமாகச் சில மட்டும் அடித்தார்கள். அறியப்பட்டவை ஏழுக்கு மேல் இல்லை. லீட்ஸ் நகரத் தேவாலயம் ஒன்றின் அடிக்கல்லுக்கடியில் இருந்தது 1970-ல் களவு போயிற்று. அதே நகரில் இன்னொரு தேவாலயத்தின் காசுக்கும் அக்கதி நேராதிருக்க, ஆயர் அதைத் தோண்டியெடுக்கச் செய்து 1972-ல் விற்கச் செய்தார். திருடனை முந்திக்கொள்வதும் திருப்பணியே.

புறனடை

மேற்கூறியவற்றால் அடங்காதன வரின், ஏலக் கழிவைக் கொண்டு அடக்குக. ஹெம்யாக் பொற்காசு அடிபட்டது 5,40,000-க்கு. எடுத்தவர் கட்டியது 6,48,000. இடையில் உள்ள 1,08,000 பவுண்டு ஒரு சுத்தியல் மேசையில் படும் ஓசைக்குரியது. இந்த ஆய்வில் உழைத்துப் பொருள் ஈட்டியதாக அறியப்படும் உலோகம் அச்சுத்தியல் ஒன்றே.

இனிப் பயன் கூறுதும். எட்டாம் எட்வர்டு சாவரினின் முகமதிப்பு ஒரு பவுண்டு. வெளியிட அரச ஆணை பிறக்காததால் அந்த ஒரு பவுண்டும் செல்லாது. வாங்கியவர் கொடுத்த பத்து லட்சமும் செல்லும் பணம். செல்லாததைச் செல்வத்தால் வாங்குவோர் உள்ளவரை இந்நூலின் நூற்பாக்கள் பொய்யா. அவர்களுள் ஒருவர் இந்நூலின் படி ஒன்றை வாங்க விரும்பினால், ஒருவரும் பிரிக்காத படியே கேட்பாராக. அதற்கு விலை கூடும்.