ஒழித்தலும் ஒளித்தலும்: போகிக்கு முந்தைய பத்து நாட்களில் ஒரு புதுச்சேரி வீடு

புதுச்சேரியில் மார்கழி பாதி கழிந்துவிட்டால் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் ஒரு வாக்கியம் காதில் விழும்: "வீட்ட ஒளிக்கணும்." எழுத்தில் இது 'ஒழிக்கணும்' என்று இருக்க வேண்டும். ஒழித்தல் என்றால் காலி செய்தல், இல்லாமல் ஆக்குதல். ஆனால் எங்கள் ஊர் நாக்கு சிறப்பு ழகரத்தை எந்தக் காலத்துப் போகியிலோ கொளுத்திவிட்டது. வாழைப்பழம் வாளப்பளம் ஆன அதே வழியில் ஒழித்தல் ஒளித்தல் ஆயிற்று. ஒளித்தல் என்றால் மறைத்து வைத்தல்.

இதை உச்சரிப்புப் பிழை என்று தமிழாசிரியர்கள் தலையில் குட்டுவார்கள். குட்டு வாங்கியவர்களில் ஒருவனான இந்த ஆய்வாளன், நாற்பது ஆண்டுகள் கழித்து அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறான். என் கருதுகோள் இதுதான்: எங்கள் ஊரில் உச்சரிப்பு சரி, எழுத்துதான் பிழை. போகிக்கு முன் யாரும் எதையும் ஒழிப்பதில்லை. எல்லோரும் ஒளிக்கிறார்கள்.

ஆய்வுக்களம், முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள எங்கள் ஓட்டு வீடு. திண்ணை, நடை, முற்றம், இரண்டு அறை, பின்கட்டு, பரண் ஒன்று, பீரோ இரண்டு, தகரப் பெட்டி ஒன்று. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் என் அம்மா, என் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். ஆய்வாளன் பெரும்பாலும் ஏணியின் மேல் நிறுத்தப்பட்டிருந்ததால் நடந்தவற்றை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவனுக்குத் தானாகவே அமைந்தது.

திட்டம் மகளுடையது. லேப்டாப்பில் கட்டம் போட்டு, நாள் வாரியாக வண்ணம் தீட்டியிருந்தாள். முதல் நாள் பரண், இரண்டாம் நாள் பீரோ, மூன்றாம் நாள் சமையலறை என்று போய், பத்தாம் நாள் 'ஓய்வு' என்று பச்சையில் முடிந்தது. ஓராண்டாக யாரும் தொடாத பொருளைத் தூக்கிப் போட வேண்டும் என்பது அவள் விதி. அம்மா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்: "அப்பிடிப் பாத்தா மொதல்ல ஒங்க தாத்தா படத்தத்தான் தூக்கிப் போடணும். அதத் தொட்டு எத்தினி வருசம் ஆச்சு?" கட்டத்தில் முதல் திருத்தம் அப்போதே நடந்தது.

மகள் அடுத்து நன்னூலைத் துணைக்கு அழைத்தாள். பழையது போய்ப் புதியது வருவது குற்றமில்லை என்று சொல்லும் அந்த நூற்பாவைப் போகி தோறும் செய்தித்தாள்களும் துணிக்கடைகளும் தவறாமல் நினைவூட்டுகின்றன. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் அதைப் பாய், தலையணையை மனத்தில் வைத்து எழுதவில்லை. மொழியில் பழைய வழக்குகள் மறைவதையும் புதியவை நுழைவதையும் பற்றி, இலக்கண நூலை முடித்து வைக்கும்போது சொன்னது அது. ழகரம் போவதற்கு அவர் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று வேண்டுமானால் வாதிடலாம். பரணில் இருக்கும் ஈயம் போன சட்டுவம் போவதற்குக் கொடுக்கவில்லை.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியர் இந்த வேலையை வசந்தத்தில் செய்கிறார்கள். குளிர்காலம் முழுக்கச் சன்னலை அடைத்து, உள்ளே விறகும் கரியும் எரித்து, சுவரெல்லாம் புகையேறிய பின், வெயிலைக் கண்டதும் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போடும் பழக்கம் அது. ஈரானியர் மார்ச்சில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன் செய்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'வீட்டை உலுக்குதல்' என்று பெயர். இதை ஏணியின் மேலிருந்து நான் விளக்கியபோது கீழே பிடித்துக்கொண்டிருந்த மனைவி ஏணியை உலுக்கினாள். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குச் சட்டத்தையும் ரொட்டியையும் போலீஸ்காரர் தலைக்குச் சிவப்புத் தொப்பியையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். வசந்தத்தை மட்டும் கொடுக்க முடியவில்லை. பங்குனியில் இங்கே பரண் ஏறுகிறவன் வெந்து இறங்குவான்.

நமக்குக் குளிர்காலத்தின் இடத்தில் இருப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. சுவர் ஊறும், பாய் நாறும், செருப்பின் மேல் பச்சைப் பூஞ்சை படரும். கடற்காற்றில் பூட்டு துருப்பிடித்துச் சாவியை ஏற்க மறுக்கும். மழை ஓய்ந்து சுவர் காய்வதற்கும் மார்கழி முடிவதற்கும் சரியாக இருக்கும். பஞ்சாங்கமும் பூஞ்சையும் பேசி வைத்துக் குறித்த நாள் போகி. அன்றைக்கு முன் வெள்ளையடிப்பதிலும் காரணம் உண்டு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிழைக்காது. மட்டையால் அடிக்கும்போது தண்ணீராகத் தெரியும் அது, காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்லக் கல்லாகிறது. அதாவது ஆண்டுதோறும் சுவருக்கு மெல்லிய கல் தோல் ஒன்று போர்த்துகிறோம். எங்கள் நடையில் ஓர் இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்தபோது அடியில் நீலமும் அதனடியில் மஞ்சளும் தெரிந்தன. சுவரும் பழையதை விட்டுவிடவில்லை. மேலே பூசி ஒளித்து வைத்திருக்கிறது.

முதல் நாள், பரண். மேலிருந்து இறங்கியவை: மூடியில்லாத எவர்சில்வர் டப்பா 11, டப்பா இல்லாத மூடி 17. ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று முற்றத்தில் பரப்பி ஒன்றரை மணி நேரம் சோதித்தோம். ஒரு சோடி கூடத் தேறவில்லை. அப்படியானால் அந்தப் 17 மூடிகளுக்குரிய டப்பாக்கள் உலகில் எங்கோ இருக்கின்றன. அவை வரும்போது மூடி இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது அம்மாவின் வாதம். இதை மகள் சிரித்துத் தள்ளியபோது அம்மா எதிர்பாராத இடத்திலிருந்து சான்று காட்டினாள். ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டினார். கிடைத்தவற்றில் ரோமானியர் மதுச் சாடிகளின் உடைந்த ஓடுகளும் இருந்தன. யாரோ குடித்துவிட்டு வீசிய குப்பை. "அந்த ஓட்டுக்கெல்லாம் கண்ணாடிப் பொட்டி. என் ஊறுகா சாடி மூடிக்கு மட்டும் குப்பத் தொட்டியா?" தொல்லியலுக்கும் குப்பைக்கும் இடையில் இருப்பது காலம் மட்டுமே என்ற கோட்பாட்டை இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. மூடிகள் சாக்கில் கட்டப்பட்டுப் பின்கட்டுக்குப் போயின. பரண் ஒளிந்தது.

இரண்டாம் நாள், பீரோ. இந்தப் பெயர் பிரெஞ்சிலிருந்து கிளம்பிய சொல். அங்கே அது முதலில் மேசை மேல் விரிக்கும் முரட்டுக் கம்பளித் துணியைக் குறித்தது. பிறகு துணி விரித்த மேசையைக் குறித்தது, பிறகு மேசை இருந்த அலுவலகத்தை. நம்மிடம் வந்து இரும்பு அலமாரி ஆனது. எங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்தவுடன் சொல் தன் பூர்வீகத்துக்கே திரும்புகிறது: மேசை, அலுவலகம், இரும்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, துணி மட்டும் தலையில் விழும். அதில் 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட ஏஎஃப்டி மில்லின் துண்டு ஒன்றும் இருந்தது. மில்லில் வேலை பார்த்த மாமா பொங்கலுக்குக் கொடுத்தது. "மில்லே இல்ல, துண்டு மட்டும் எதுக்கு?" என்று மகள் கேட்கவில்லை. அவளே மடித்து உள்ளே வைத்தாள். இந்தத் துண்டு குறித்து ஆய்வாளன் வேறொன்றும் சொல்ல விரும்பவில்லை.

பொருள்கள் வெளியேற வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் காயலான் கடைக்காரர் தினமும் வருகிறார். ஆனால் அவர் எடை போட்டு விலை சொன்னவுடன் அம்மாவுக்குப் பொருளின் மதிப்பு தெரிந்துவிடும். "அம்பது ரூவாய்க்கா? இங்கியே கெடக்கட்டும்." காந்தி வீதி சண்டே மார்க்கெட் இன்னும் ஆபத்தான இடம். பழைய கைப்பிடி, கண்ணாடிச் சிமினி எல்லாம் அங்கே தரையில் விரித்த பாயில் என்ன விலைக்குப் போகின்றன என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர், தன் வீட்டுக் குப்பையை மரியாதையோடுதான் பார்ப்பார். போதாக்குறைக்குப் பழைய மரச்சாமான் கடைகளும் இங்கே நிறைய. கால் உடைந்த நாற்காலிக்கு ஒரு வெள்ளைக்காரர் வருவார் என்ற நம்பிக்கையில் நாங்களும் ஒன்றை இருபது ஆண்டுகளாகக் காத்து வருகிறோம். வெள்ளைக்காரர் இன்னும் வரவில்லை. உட்கார வந்த உறவினர்கள்தாம் விழுந்திருக்கிறார்கள்.

இயற்கை எங்களுக்கு உதவ முயன்றதுண்டு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையேறிய புயலுக்குத் 'தானே' என்று பெயர். வீடு தானே சுத்தமான ஒரே ஆண்டு அது. கூரையையும் மரத்தையும் கொண்டுபோனது, போகிக்கு எரிப்பதற்கு எவரிடமும் எதுவும் இல்லை. ஆனால் எங்கள் தகர விரிப்பு மூன்று தெரு தள்ளி ஒருவர் தோட்டத்தில் கிடைத்தபோது அப்பா அதைத் தலையில் சுமந்து வந்தார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. ஒரு நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். நனைந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, மொட்டைமாடியில் நான்கு நாள் காயவைத்து, அதே தட்டில் அதே வரிசையில் அடுக்கினோம். ஊருக்கே இது பழக்கம்தான். 1761 சனவரியில் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இதைவிட முழுமையாக எவரும் இந்த ஊரை ஒழித்ததில்லை. 1765-ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து பழைய அடித்தளத்தின் மேலேயே மறுபடி கட்டத் தொடங்கினார்கள். பழைய இடத்திலேயே எடுத்து வைத்துவிட்டார்கள்.

இனி ஆய்வின் மையத்துக்கு வரலாம்: தகரப் பெட்டி. அதில் இருப்பது காகிதம்.

வேறு ஊர்களில் பழைய காகிதம் கரையானுக்கு அல்லது சுண்டல்காரருக்கு. புதுச்சேரியில் அப்படியில்லை. 1881-ல் வந்த ஓர் ஆணைப்படி, தம் சாதிச் சமய வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுத்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார்கள். எழுதிக் கொடுத்த காகிதத்தில் இருக்கிறது அவர்கள் சந்ததியின் தலையெழுத்து. பிறகு 1954 நவம்பர் 1-ல் ஊர் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர் வீட்டுப் பேரன் பாரீசில், கொடுக்காதவர் வீட்டுப் பேரன் பஸ் ஸ்டாண்டில். இப்படி ஓர் ஊரில் முத்திரை குத்திய எந்தக் காகிதத்தையாவது துணிந்து போகியில் போடுகிறவர் யார்? கொள்ளுத்தாத்தாவின் பிறப்புப் பதிவு ஒருநாள் பாஸ்போர்ட்டாக முளைக்கலாம். படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. படிக்கத் தெரியாததால்தான் பத்திரம்.

இதற்கு எங்கள் ஊரிலேயே பெரிய சான்று ஒன்று உண்டு. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தன் காலம் முடியும்வரை நாட்குறிப்பு எழுதினார். 1761-ல் இறந்தார். 1846-ல்தான் கலுவா மொம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் அந்தக் குறிப்பேடுகள் பட்டுப் படி எடுக்கப்பட்டன. பின்னர் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 85 போகிகள். ஒவ்வொரு மார்கழியிலும் யாரோ ஒருவர் அந்தக் கட்டுகளைத் தூக்கி, தூசி தட்டி, "இது என்ன, இந்த வருசமாவது போட்டுடலாமா?" என்று கேட்டிருப்பார். யாரோ ஒருவர், "கெடக்கட்டும்" என்றிருப்பார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாற்றின் ஒரு பகுதி அந்தக் 'கெடக்கட்டும்' என்ற சொல்லின் மேல் நிற்கிறது. குறிப்பேட்டில் சில காலப் பகுதிகள் கிடைக்கவில்லை. அந்த ஆண்டுகளில் வீட்டில் திட்டம் போட்டு வேலை செய்கிற ஒருவர் இருந்திருக்க வேண்டும். இதைச் சொன்னபோது மகள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

எங்கள் பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், நான்காக மடித்த ஒரு காகிதம் உண்டு. பிரெஞ்சுக் கையெழுத்து, ஊதா முத்திரை, 1951. தாத்தா வைத்தது. "அத மட்டும் தொலச்சிடாதீங்க" என்று அவர் சொல்லிப்போனதாக அம்மா சொல்வாள். நிலப் பத்திரம் என்று ஒரு சித்தப்பாவும், தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சேர எழுதிக் கொடுத்தது என்று இன்னொரு சித்தப்பாவும் கட்சி கட்டி, இரண்டு பொங்கலுக்கு ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்திருக்கிறார்கள். ஆய்வு நேர்மை கருதி இந்த ஆண்டு அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெரு சொல்தா தாத்தா வீட்டுக்குப் போனேன். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குகிறவர். கண்ணாடியை மாட்டி, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, உதட்டுக்குள் ஒருமுறை முழுவதையும் வாசித்தார்.

"தம்பி, இது தையல் மெஷின் ரிப்பேரு பண்ண ரசீது. பெல்ட்டு மாத்திருக்காங்க. எண்ண போட்டிருக்காங்க. காசு குடுத்தாச்சுன்னு முத்திர."

வீட்டுக்கு வந்து சொன்னேன். போகிக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது. வாசலில் எரிப்பதற்கு ஒரு கிழிந்த கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும் எடுத்து வைத்திருந்தோம். பத்து நாள் உழைப்பில் தேறியவை அவை இரண்டுதான். காகிதத்தையும் அவற்றின் மேல் வைத்துவிடலாமா என்று கேட்டேன். அம்மா அதை வாங்கி, மடிப்பு கலையாமல் உறைக்குள் போட்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"காசு குடுத்து ரிப்பேரு பண்ணியிருக்காருன்னா அந்த மெஷின் எங்கடா?"

ஏணியைப் பின்கட்டில் மூடிச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். எடுத்துவரப் போனேன்.