பெர்லின் ஆராய்ச்சியும் வட்டவளை வெறுந்தேத்தண்ணியும்

இலங்கை மலையகத்து வட்டவளைக்காரர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றக் கற்றுக்கொடுக்க உலகத்தில் நிறையப் பேர் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசியைத் திறந்தால் போதும். கிரீன் டீ குடித்தால் தொப்பை கரையும், பிளேன்டீ குடித்தால் இதயம் பலப்படும், இஞ்சி தட்டிப் போட்டால் இனிமேல் வரப்போகிற நோயும் திரும்பிப் போய்விடும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரைத் தாண்டி மழை கொட்டுகிற ஊர் இது. சென்னை மூன்றரை ஆண்டில் பார்க்கிற மழையை ஒரே ஆண்டில் வாங்கிக்கொள்ளும். ஜூனில் தென்மேல் பருவமழை பிடித்தால் கம்பளி காயாது, விறகு பற்றாது, மண் சரிந்தால் ரயிலும் வராது. அப்படிப்பட்ட காலையில் இங்கே ஒருவர் கோப்பையைக் கையில் எடுப்பது ஆன்டிஆக்சிடன்டுக்காக அல்ல, விரல் விறைத்துப்போனதால்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒரு தாத்தா இருக்கிறார். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வாடப்போட்டு, அரைத்து, புளிக்கவைத்து, சுட்டு, சலிக்கிற வரைக்கும் எல்லா வேலையும் பார்த்து ஓய்ந்தவர். கொழும்பில் கடை வேலை செய்கிற பேரன் லீவுக்கு வந்தால் அவருக்கு அறிவியல் வகுப்பு தொடங்கிவிடும்.

“தாத்தா, தேயிலையில பொலிபினோல் இருக்காம்.”

“இருக்கட்டும். சீனி இருக்கான்னு பாரு.”

பேரன் சொல்வதில் பொய் இல்லை. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் ஏறக்குறைய 5 லட்சம் பேரின் தகவல்களை அலசியது. நாளுக்கு 2 கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் குடித்தவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. பால் ஊற்றியவர், ஊற்றாதவர், சீனி போட்டவர், போடாதவர் எல்லாருக்கும் அதே கதைதான். தேநீர்தான் காரணம் என்று அந்த ஆய்வே அடித்துச் சொல்லவில்லை. குடிக்கிறவர்களிடம் அப்படிக் காணப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வட்டவளை வந்து சேர்கையில் “தேத்தண்ணி குடித்தால் சாவே இல்லை” என்று ஆகியிருந்தது.

அதற்கு முன்பே, 2007இல், பெர்லினில் 16 பெண்களை உட்காரவைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். வெறுந்தேத்தண்ணி குடித்தபோது இரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்து கொடுத்தன. பால் சேர்த்ததும் அந்தப் பலன் காணாமல் போனது. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் தேயிலையின் கேட்டெச்சின்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது என்று விளக்கமும் தந்தார்கள். 16 பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே பாலை நிறுத்தச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இலங்கை அரசு இதைத் தெரியாமலேயே நடைமுறைப்படுத்தியது. 2022 பொருளாதார நெருக்கடியில் பால்மா கிடைக்காமல் போய், மார்ச்சில் கடைகளில் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி 100 ரூபாய்க்கு ஏறியது. நாடே வெறுந்தேத்தண்ணிக்கு மாறியது. இரத்தக்குழாய்கள் விரிந்தனவோ என்னவோ, மற்ற எல்லாம் சுருங்கியது.

இப்போது ஊற்றும் முறைக்கு வருவோம். இதில் வெள்ளைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. எழுத்தாளர் ஜார்ஜ் ஓர்வெல் 1946இல் தேநீருக்கென்று 11 விதிகள் வகுத்தார். இலையும் இந்தியா அல்லது இலங்கையிலிருந்துதான் வர வேண்டும் என்றார். அதுவரை மனிதர் நல்லவர். அதோடு விட்டார்களா? 1980இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ‘ஐஎஸ்ஓ 3103’ என்று ஒரு தரத்தையே வெளியிட்டது. 100 மில்லிலீட்டர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, மூடிய பீங்கான் பாத்திரம், 6 நிமிடம். தேயிலைகளை ஒப்பிட்டு ருசிபார்ப்பவர்கள் ஒரே மாதிரி ஊற்றட்டும் என்பதற்காக எழுதப்பட்ட விதி அது, வீட்டுக்கு அல்ல. இதே விஷயத்தை 6 பக்கத்தில் எழுதிவைத்திருந்த பிரிட்டிஷ் தர நிறுவனத்துக்கு 1999இல் இலக்கியத்துக்கான இக்நோபல் பரிசு, அதாவது கேலி நோபல், கிடைத்தது. தகுதியானவர்களுக்குப் போன பரிசு என்றே சொல்ல வேண்டும்.

இதில் மலையகத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 300 மீட்டர் மேலே ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி இறங்கும். நுவரெலியாவில் கேத்தல் எவ்வளவு கத்தினாலும் சுமார் 94 டிகிரிதான். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானிகளின் கேத்தலும் 100ஐத் தொட்டதில்லை. ஆகவே இங்கே தேயிலை கொஞ்சம் கூடுதலாக ஊற வேண்டும். தாத்தா டிகிரியெல்லாம் பார்ப்பதில்லை. புதிதாகப் பிடித்த தண்ணீர், தளதளவென்று கொதித்ததும் இறக்கிவிட வேண்டும், தூளைப் போட்டு மூடி வைக்க வேண்டும். டஸ்ட், அதாவது பொடித்தூள், என்றால் 3 நிமிடம், இலை பெரிதாக இருந்தால் 5. தூளை அடுப்பிலேயே கிடந்து கொதிக்கவிடும் மருமகளோடு அவருக்குத் தீராத வழக்கு. “அது தேத்தண்ணி இல்ல, கசாயம்” என்பார். டஸ்ட் என்றதும் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. துகள் சிறிதானால் தண்ணீர் படுகிற பரப்பு கூடும், சாயமும் காஃபினும் சட்டென்று இறங்கும். வாசனைதான் கொஞ்சம் குறையும்.

வாசனையான தேயிலை எங்கே போகிறது என்று கேட்கக் கூடாது. மழைக்காலத்தில் கொழுந்து மளமளவென்று வளரும், ருசி நிற்காது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வெயிலும் குளிர்காற்றும் சேர்ந்து அடிக்கும்போதுதான் இந்தச் சரிவின் நல்ல தேயிலை. அது லொறி ஏறி, 1883 முதல் நடக்கிற கொழும்பு ஏலத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறிவிடும். பல தோட்டங்களில் ஒரு பெண் நாளுக்கு 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று வைத்தால் 4 கிலோ ஆகிறது; கோப்பைக்கு 2 கிராம் வீதம் 2,000 கோப்பை. ஒரு நாளில் 2,000 பேருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நிறுவையில் ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழித்தும் கொடுத்துவிட்டு, அவர் வீட்டுக்கு வந்து டஸ்டை ஊற்றிக் குடிக்கிறார்.

சூடும் ஒரு விஷயம். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானம் எதுவும் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தரக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல் சொன்னது. குற்றவாளி சூடுதான், தேயிலை அல்ல. கடைக்காரர் இரண்டு குவளைக்கு நடுவே உயர்த்தி ஆற்றுவது வெறும் வித்தை காட்டல் என்று நினைத்தவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம்.

சீனிக்கு மட்டும் எந்த விஞ்ஞானியும் வக்காலத்து வாங்க மாட்டார். நாளுக்கு 5 கோப்பை, ஒவ்வொன்றிலும் 2 கரண்டி என்றால் 40 கிராம் ஏறிவிடும். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஓர்வெலும் சீனி போட்டவனைத் தேநீர்ப் பிரியன் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. தாத்தா அந்த விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார். கோப்பையில் ஒரு துளிச் சீனி கிடையாது. எல்லாம் உள்ளங்கையில். ஒரு நக்கு, ஒரு மிடறு.

மிச்சமிருப்பது இரும்புச்சத்து. தேயிலையிலுள்ள டானின்கள், சோறு ரொட்டி பருப்பிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். மலையகப் பெண்களிடம் இரத்தசோகை அதிகம் என்பதால் கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். அருமையான அறிவுரை. மலையில் நிற்கிற பெண்ணோ ரொட்டியையும் போத்தலில் ஊற்றிய வெறுந்தேத்தண்ணியையும் ஒன்றாகத்தான் கட்டிக்கொண்டு போகிறார். இரண்டையும் ஒரே மூச்சில் முடித்தால்தான் மறுபடி கூடையை மாட்ட முடியும். பேரன் இந்த ஒரு மணி நேரக் கணக்கை விளக்கியபோது தாத்தா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“சரிதான். அந்த ஒரு மணி நேரத்துக்கு டாக்டரம்மாவையே தோட்டத்துத் தொரைகிட்ட ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லு.”