பாசக்காரப் பதிவேடு

சிறையிலிருந்து வெளியே வருபவரை அரசாங்கம் கண்டுகொள்வதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேலத்தில் பெண்டாட்டி பிள்ளை மறந்தாலும் ஸ்டேஷன் மறக்காது.

அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பெயர் எதற்கு, தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஒரு அடிதடி கேஸ், கணக்குக்காக அதோடு ஒட்டவைத்த இன்னும் இரண்டு, அஸ்தம்பட்டி மத்திய சிறையில் சில மாதம். விடுதலையாகும்போது கையில் ஒரு துணிப்பை, வழிச்செலவுக்குக் கொஞ்சம் காசு. டவுன் பஸ் ஏறினால் வீடு. வீட்டில் தறிக்குழியில் எலி ஓடுகிறது. பாவு கொடுத்துவந்த முதலாளி வேறு ஆள் பிடித்துவிட்டார். வாங்கிய முன்பணம் மட்டும் நோட்டில் அப்படியே நிற்கிறது.

இவருக்கு உதவ ஆள் இல்லாமல் இல்லை. விடுவிக்கப்பட்ட கைதிகள் உதவிச் சங்கம் என்று ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது, அதன்படி நன்னடத்தை அலுவலர்கள் இருக்கிறார்கள். தொழில் தொடங்க உதவி கேட்டு மனுவும் போடலாம். அந்த மனு மேஜை மாறுவதற்குள் போலீஸ் வீடு தேடி வந்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணி. "என்ன, வூட்லதான் இருக்கியா? எந்திரி, செல்லைப் பாரு." தூக்கக் கண்ணோடு உட்காரவைத்து ஒரு போட்டோ, அது உடனே வாட்ஸ்ஆப் குரூப்புக்கு. பக்கத்து வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. மறுநாள் அந்தத் தெருவில் யார் இவருக்குப் பாவு கொடுப்பார்?

இதற்கெல்லாம் ஆதாரம் ஸ்டேஷனில் வைத்திருக்கும் சரித்திரப் பதிவேடு, அதாவது ஹிஸ்டரி ஷீட். ராஜராஜ சோழனுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காகச் சரித்திரம் எழுதியதில்லை. ஏ பிளஸ், ஏ, பி, சி என்று தரம்வேறு பிரிக்கிறார்கள். பதிவேட்டை இரண்டு வருஷத்துக்கு மேல் நீட்டிக்க வேண்டுமென்றால் உயரதிகாரி உத்தரவு போட வேண்டும் என்று காவல்துறை நிலையாணை 748 சொல்கிறது. உத்தரவுக்கு என்ன பஞ்சம்? போன வருஷத்துத் தாளில் தேதியை மாற்றினால் போதும். இப்படி யோசிக்காமல் போட்ட நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் எத்தனையோ முறை ரத்து செய்திருக்கிறது. வக்கீல் வைத்து அங்கே போனவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பலன்.

அடுத்தது நன்னடத்தைப் பிணை. தேர்தலா, ஆடித் திருவிழாவா, மந்திரி வருகையா, "107 போடு, 110 போடு" என்று கிளம்பிவிடுவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவுகள் புதிய சட்டத்தில் 126, 129 ஆகிவிட்டன. பழக்கம் மட்டும் பழைய எண்ணிலேயே நிற்கிறது. இரண்டு ஜாமீன்தாரர், அவர்களுடைய வீட்டுவரி ரசீது, ஆதார் நகல், ஒரு நாள் கூலி நஷ்டம். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபின் டீக்கடையில் வாய்ச்சண்டை நடந்தால்கூடப் பிணையை மீறியதாகச் சொல்லி உள்ளே தள்ளிவிடலாம். மாநகரங்களில் இந்த அதிகாரத்தைப் போலீஸ் துணை ஆணையர்களிடமே கொடுத்து 2013, 2014இல் அரசாணைகள் போட்டிருந்தார்கள். பிடிப்பவரும் போலீஸ், தீர்ப்புச் சொல்பவரும் போலீஸ். 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாது என்று சொல்லும்வரை யாருக்கும் கூச்சமாக இல்லை. இதிலும் அடங்காதவருக்கு 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம் இருக்கிறது, விசாரணையே இல்லாமல் பன்னிரண்டு மாதம்வரை. தடுப்புக் காவலில் இந்தியாவிலேயே தமிழ்நாடுதான் முதலிடம் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021, 2022 சிறைப் புள்ளிவிவரங்கள் சொல்கின்றன. ஏனோ இந்தச் சாதனைக்கு மட்டும் பேனர் வைக்க மாட்டேன் என்கிறார்கள்.

தூக்கமும் வேலையும் போய், தறிக்காரர் ராத்திரியில் தனியாகப் பேசிக்கொண்டு பைபாஸ் பக்கம் நடக்க ஆரம்பிக்கிறார் என்று வையுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவு போலீசுக்கு என்ன சொல்கிறது? பாதுகாப்பாக அழைத்துப் போ, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்டு, எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைக்காதே. நல்ல சட்டம். அதைப் படித்த லத்தியைத்தான் காணோம்.

2021 ஜூன் 22 அன்று ஏத்தாப்பூர் பக்கம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் நடந்ததைச் சேலத்துக்காரர்கள் வீடியோவிலேயே பார்த்தார்கள். ஊரடங்கில் இங்கே டாஸ்மாக் மூடியிருந்ததால் பக்கத்து மாவட்டம் போய்க் குடித்துவிட்டுத் திரும்பிய மளிகைக் கடைக்காரர் ஒருவர் அங்கே சிக்கினார். சிறப்பு எஸ்.ஐ. ஒருவர் அவரை நடுரோட்டில் லத்தியால் அடித்தார். மறுநாள் அடிபட்டவர் செத்துப்போனார். குடித்தவரைக் கையாள அரசு கண்டுபிடித்த வைத்தியம் அது. சரக்கு விற்பதும் அரசுதான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் சேந்தமங்கலம் போலீசார் திருட்டு வழக்கில் பிடித்துப்போன மாற்றுத்திறனாளி ஒருவர் நாமக்கல் கிளைச் சிறைக்குப் போன கையோடு சேலம் அரசு மருத்துவமனையில் பிணமானார். பிறகு வழக்கம்போல சஸ்பெண்ட், சி.பி.சி.ஐ.டி. விசாரணை.

உயிர் பிழைப்பவர்களுக்கு மாவுக்கட்டு. தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகளைக் கட்டிய மேஸ்திரி யாரென்று தெரியவில்லை. பிடிபட்டவர் மட்டும் வழுக்கி விழுகிறார், அதுவும் கை முறிகிற மாதிரி பார்த்து விழுகிறார். போலீசார் வழுக்குவதே இல்லையா என்று 2025இல் உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. இந்த ஊருக்கு இதெல்லாம் புதுசும் இல்லை. அதே அஸ்தம்பட்டிச் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று பிரச்சினையைத் துப்பாக்கியால் தீர்த்தார்கள். 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். அப்போது சுதந்திரம் வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, குடியரசாகி பதினாறு நாள்.

ஒரு ஆளைத் திரும்ப உள்ளே அனுப்ப இத்தனை காகிதம், இத்தனை ஜீப், இத்தனை ராத்திரி ரோந்து. அவரைத் தறியில் உட்காரவைக்க ஒரு பாவுக்கான பணம் இல்லை என்கிறார்கள். இது பணப் பஞ்சம் என்று சொன்னால் பச்சைப் பொய். பட்டியல் குறைந்தால் அடுத்த தேர்தலுக்கு யாரைப் பிடித்துக் கணக்குக் காட்டுவது என்பதுதான் கவலை.

அம்மாபேட்டைக்காரர்களே, உங்கள் தெருவில் ஒருவர் வெளியே வந்திருந்தால் 15100க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீல் கிடைப்பார். இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி போலீஸ் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் மனு போடச் சொல்லுங்கள். ராத்திரி தூங்க முடியவில்லை, தலைக்குள் என்னவோ ஓடுகிறது என்றால் மனநல உதவி எண் 14416இல் பேசலாம், காசு கிடையாது. தபால் ரசீதை மட்டும் வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.