ஸ்டெபிலைசருக்குள் ஒரு நரகம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு 20 வருஷம் காவல் காத்த ஸ்டெபிலைசர், போன ஐப்பசி மழையில் கடைசியாக ஒருமுறை "டொக்" என்றுவிட்டு உயிரை விட்டது. பழைய இரும்புக்காரர் கையில் தூக்கிப் பார்த்து, 120 ரூபாய் தருவதாகச் சொன்னார். உள்ளே செம்புக் கம்பி இருப்பது தெரிந்த மனுஷர். நான் கொடுக்கவில்லை. "இதுல டூம் ஓட்டப் போறேன்" என்றேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் என் மனைவியை அனுதாபத்தோடு பார்த்தார்.

டூம் என்பது 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. செவ்வாய் கிரகத்தின் நிலாவில் தொடங்கி நரகம்வரை நடக்க வேண்டும். வழியில் வருகிற பேய் பிசாசுகளைச் சுட வேண்டும். கதை அவ்வளவுதான். அதை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக், 1997 டிசம்பரில் அதன் நிரல் மொத்தத்தையும் ஊருக்கே தூக்கிக் கொடுத்துவிட்டார். பிடித்தது சனி. அன்றிலிருந்து எந்தப் பொருளைக் கண்டாலும் "இதுல டூம் ஓடுமா?" என்று கேட்கும் கூட்டம் ஒன்று உலகமெங்கும் அலைகிறது. 2014-ல் பிரிண்டரின் குட்டித் திரையில் ஓட்டினார்கள். 2022-ல் டிராக்டரில் ஓட்டினார்கள். 2020-ல் ஒருவர் கர்ப்பப் பரிசோதனைக் கருவியிலேயே ஓட்டிக் காட்டினார். ஆனால் அதன் சிப்பையும் திரையையும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வைத்திருந்தார். மேல்கூடு மட்டும்தான் அசல். இது போங்கு என்று பலர் கோபப்பட்டார்கள். எனக்கு அதைப் படித்த பிறகுதான் தைரியமே வந்தது. கூடு மட்டும் போதுமென்றால் என்னிடமும் ஒன்று இருக்கிறதே!

அமெரிக்காவில் ஒரு மாணவி இன்னும் ஒரு படி மேலே போய், குடலில் வாழும் பாக்டீரியாக்களை அடுக்கித் திரையாக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். ஒரு காட்சி தோன்றி மறைய 8 மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். ஆட்டத்தை முடிக்க ஏறக்குறைய 600 வருஷம். படித்தவர்கள் சிரித்தார்கள். 1999-ல் மேற்கு மாம்பலத்தில் டயல்-அப் வைத்திருந்த எனக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலமாக. படத்தோடு பார்க்க வருஷத்துக்கு 15,000 ரூபாய். மாணவர்களுக்கு 500 ரூபாய்தான், ஆனால் வெறும் எழுத்து மட்டும்; ஓட்டலில் மெனு கார்டை மட்டும் கொடுத்து, படித்துவிட்டுப் போ என்பதுபோல. கட்டணம் இறங்கி எங்கள் வீட்டுக்குள் அது நுழைய 99 ஆகிவிட்டது.

அப்பா முன்னெச்சரிக்கைப் பேர்வழி. டெலிபோனின் எண் சுழற்றும் தட்டில் சின்னப் பூட்டு ஒன்று தொங்கும். சாவி அவர் பூணூலில். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, யார் யாருக்குப் பேசினார்கள் என்று எழுத. மோடம் என்பது டெலிபோன் ஒயரில் நேரடியாகச் செருகப்படும் ஜந்து, எண்ணைத் தானே போட்டுக்கொள்ளும், அதற்கு அந்தத் தட்டே தேவையில்லை என்பதை நான் அவரிடம் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முதல் பில் வந்த அன்று பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பூட்டு நல்ல பூட்டு.

மோடம் போடும் அந்தச் சத்தம் வேறு. முதலில் ஒரு நீண்ட "ஈஈ". தொலைபேசிக் கம்பியில் எதிரொலியை அடக்க வைத்திருக்கும் ஏற்பாட்டை, "கொஞ்சம் ஒதுங்கிக்கொள்" என்று விலக்குகிற 2100 ஹெர்ட்ஸ் ஒலி அது. பிறகு இரண்டு மோடம்களும் கம்பியின் தரத்தைச் சோதித்து, எந்த வேகத்தில் பேசலாம் என்று பேரம் பேசும். ரங்கநாதன் தெருவில் புடவைக்குப் பேசுகிற பேரம்போல ஆரம்பத்தில் கூச்சல், திடீரென்று அமைதி. படிந்துவிட்டது என்று அர்த்தம். மோடத்தின் பெட்டியில் 56 என்று போட்டிருக்கும். எனக்கு ஒருநாளும் 31.2-க்கு மேல் படியவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு அந்தக் கூச்சலை மறைக்க மோடத்தின் மேல் தலையணையை வைத்து, அதன்மேல் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஏடிஎம்0 என்று நான்கே எழுத்துக் கட்டளை கொடுத்தால் மோடம் வாயை மூடிக்கொள்ளும் என்பது அதை விற்ற பிறகுதான் தெரிந்தது.

டூமின் இலவசப் பகுதி சுமார் இரண்டரை எம்பி. கணக்குப்படி பத்துப் பதினோரு நிமிஷம். எனக்கு மூன்று ராத்திரி ஆயிற்று. ஹாலில் ஒரு போன், சமையலறையில் அதற்கே ஒரு பேரலல் போன். யாராவது ரிசீவரைத் தூக்கினால் இங்கே லைன் செத்துவிடும். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியும் என்னிடம் இல்லை. 94 சதவீதத்தில் அம்மா தூக்கினாள். ராத்திரி பதினொன்றரைக்கு எதற்கு? "டயல் டோன் வருதான்னு பார்த்தேன்டா."

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, திருச்சி அத்தை விஷயம்தான் பெரிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் எங்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஐந்து மணிக்கு எங்கேஜ்டு. ஏழுக்கு எங்கேஜ்டு. ஒன்பதுக்கும். இவ்வளவு நேரம் ஒரு வீட்டில் போன் எங்கேஜ்டாக இருந்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று முடிவுகட்டி, ராத்திரி பஸ் பிடித்து, விடிகாலை ஐந்தரைக்கு வாசலில் வந்து நின்றாள், கண்கள் சிவந்து. கதவைத் திறந்தவர் அப்பா. அவரைப் பார்த்ததும் "அப்ப நீ இல்லையா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அப்பா டெலிபோனைத் தொடுமுன் என் அறை வாசலில் வந்து நின்று, அனுமதி கேட்க ஆரம்பித்தார்.

சரி, ஸ்டெபிலைசர். ரிச்சி தெருவில் இஎஸ்பி32 என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கினேன். 4 எம்பி கூடுதல் நினைவகம் உள்ளதாகப் பார்த்து. டூம் வந்தபோது ஒரு முழு கம்ப்யூட்டரிடம் கேட்டதும் அதே 4 எம்பிதான். இப்போது அது கட்டைவிரல் அகலத் தகட்டில் கிடைக்கிறது. இந்தப் போர்டில் ஓடும்படி டூமை ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதால் என் மேதைமைக்கு வேலை இல்லை. வோல்ட்டேஜ் முள் ஆடும் சதுரக் கண்ணாடியைப் பெயர்த்து, அரம் வைத்து ராவி, அங்கே குட்டித் திரையைப் பொருத்தினேன். 320-க்கு 240 புள்ளி. டூமுக்கு வேண்டியது 320-க்கு 200. அளவெடுத்துத் தைத்தமாதிரி உட்கார்ந்தது. சுடுவதற்குத்தான் பொத்தான் கிடைக்கவில்லை. வாசலில் இருந்த காலிங்பெல் பொத்தானைக் கழற்றிக்கொண்டேன்.

"பால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாராம்" என்றாள் மனைவி. நான் அப்போது நரகத்தின் வாசலில் இருந்தேன்.

மகள் வந்து பார்த்தாள். பன்னிரண்டு வயது. "நல்லாருக்குப்பா. ஆனா சத்தமே வரலையே?"

வராது. அந்த வசதியை இதில் செய்து வைக்கவில்லை. கௌரவப் பிரச்சினையாகிவிட்டதே என்று செல்போனில் பழைய மோடம் சத்தத்தைத் தேடிப் பிடித்து, "இதுதாண்டி ஒரிஜினல் சத்தம்" என்று முழு வால்யூமில் வைத்தேன். ஈஈ என்று தொடங்கி, பேரம் சூடுபிடித்து, கரகரவென்று உச்சத்துக்குப் போனபோது ஹாலில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

அப்பா அறை வாசலில் வந்து நின்றார். 81 வயது. கையில் அவருடைய செல்போன்.

"டேய், எப்ப முடிப்பே? அத்தைக்கு ஒரு போன் போடணும்."