கூவாத சேவலும் மிளகாய் பஜ்ஜியும்

ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கிவிட்டுத் திரும்பி ஏறும்போது எல்லோருக்கும் ஒரு இடத்தில் மூச்சு நின்றுவிடும். அங்கே உட்கார்ந்தால் சுற்றிலும் காப்பிச் செடி. மலைத்தெய்வமான சேர்வராயன் சாமிக்கு முன்பே மலையில் குடியேறிவிட்டது போல ஒரு தோரணை அதற்கு. வந்து இருநூறு வருஷம்தான் ஆகிறது.

கொண்டுவந்தவர் காக்பர்ன் துரை. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். ஆங்கிலத்தில் (Cockburn) எழுதினால் அவர் பெயருக்குள் ஒரு சேவல் நிற்கும். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைக் கூவ விடாமல் ‘கோபர்ன்’ என்பார்கள். நாம் தாராளமாகக் கூவ விட்டோம்.

சேலத்து வெயிலில் கோட்டு போட்டு வரி வசூலித்த மனிதர், ஐயாயிரம் அடி உயரத்தில் குளிர் சும்மா கிடப்பதைக் கண்டால் என்ன செய்வார்? மேலே ஏறினார். காப்பி, பேரிக்காய், ஆப்பிள் என்று நட்டுப் பார்த்தார். பேரிக்காய் ஊரோடு ஒட்டிக்கொண்டது. ஆப்பிளைப் பற்றி மலை அதிகம் பேசுவதில்லை.

மலைவாசிகளான மலையாளிகள் (கேரளத்தைத் தேடாதீர்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது இவர்கள் சொல்லும் கதை) அப்போது சாமையும் ராகியும் விளைவித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த கெஜட்டிலும் ஏறாத ஒரு காட்சியை நானாகக் கற்பனை செய்துகொள்வதுண்டு. துரை விளக்குகிறார்: “பழம் சிவப்பாக, இனிப்பாக இருக்கும். அதைப் பிதுக்கி எறிந்துவிட வேண்டும். கொட்டையைக் காயவைத்து, கருக வறுத்து, இடித்து, வெந்நீரில் போட வேண்டும். பிறகு பொடியையும் எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் கறுப்புத் தண்ணியைக் குடிக்க வேண்டும்.” ஊர்ப் பெரியவர் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்கிறார்: “பாவம், துரைக்கு மலைக்காய்ச்சல்.” மரநாய்கூடப் பழத்தைத்தான் தின்கிறது, கொட்டையை அது என்ன செய்கிறது என்பதைச் சாப்பாட்டுக் கட்டுரையில் எழுத முடியாது.

துரைமார் பாடும் லேசானதல்ல. சூப் இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு தொடங்காது. நம் சமையல்காரனிடம் சூப்புக்குக் கிட்டத்தில் இருந்தது மிளகுத் தண்ணி ஒன்றுதான். காய்ச்சலுக்குக் குடிக்கிற சாமானை எடுத்து, கறியைப் போட்டு, மாவைக் கரைத்துக் கெட்டியாக்கி, ‘முல்லிகட்டானி’ என்று நாமகரணம் செய்தார்கள். அதை அவர்கள் குடித்த வேகத்தில், மதராஸ் வெள்ளைக்காரர்களுக்கு மற்ற மாகாணத்து வெள்ளைக்காரர்கள் ‘முல்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். 1878இல் கர்னல் கென்னி ஹெர்பர்ட் மதராஸ் சமையலுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். அதில் சமையல்காரன் என்றாலே ராமசாமி. ராமசாமி பதிலுக்கு ஒரு புத்தகம் எழுதாமல் போனது தமிழ் இலக்கியத்துக்கு நேர்ந்த பெரிய நஷ்டம்.

சமவெளித் தமிழர் காப்பியை எளிதில் சேர்த்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கள்ளோடு ஒப்பிட்டுத் திட்டியவர்கள் உண்டு. நீராகாரம் குடித்துத் திடமாக இருந்த குடும்பங்களை இது கெடுத்துவிட்டதாம். ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் இந்தக் கூத்தை விரிவாக எழுதியிருக்கிறார். திட்டியவர்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று டபராவில் ஆற்றியபடி “நம்ம ஃபில்டர் காப்பி மாதிரி வருமா?” என்கிறார்கள்.

ஏற்காடு ஏரிக்கரையில் பஜ்ஜிக்கடை முன் நின்று யோசித்தால் இன்னும் வம்பு. மிளகாய் அமெரிக்காக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. காரம் என்றால் நமக்கு மிளகுதான் தெரியும். அதனால் புதிதாக வந்ததை ‘மிளகு போன்ற காய்’ என்று சொந்தக்காரனாக்கிக்கொண்டோம். சௌசௌ மெக்சிகோ பக்கம். பட்டர் ஃப்ரூட்டும் அந்தப் பக்கம்தான். கிளி கொத்திய கொய்யா இனிக்கும் என்பார்கள். கொய்யாவும் கடல் கடந்து வந்ததே. கிளியூர்க் கிளியின் பாட்டனும் முதல் முறை கொஞ்சம் யோசித்துத்தான் கொத்தியிருப்பான்.

இவ்வளவு பேரும் உள்ளூர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். வெளியூர் ஆனது சாமை. இப்போது அது ‘சிறுதானியம்’ என்ற பட்டத்தோடு பாக்கெட்டில் அடைபட்டு, சமைக்கும் முறை பின்னால் அச்சிடப்பட்டு, நகரத்துக் கடையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த முறை ஏற்காடு போனால் காப்பியும் பஜ்ஜியும் கேட்காமலே வரும். சாமைச் சோறு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் எனக்கும் ஒரு கை எடுத்து வையுங்கள்.